நாற்பத்தொன்றாம் நம்பர் ஷீட்

மார்ச் 3

தம்பிக்கு,

உன் விலாசத்தை உன்னோடு முன்பு வேலை பார்த்த வெல்டரிடம் வாங்கினேன். மனமில்லாமல்தான் தந்தார். "நான் குடுத்தேன்னு சொல்லிடாதீங்க" என்றார். சொல்லிவிட்டேன். எனக்கு எதையும் மறைத்துப் பழக்கமில்லை.

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நான்கு வருஷமாக விசாரிக்காதவள் இப்போது விசாரித்தால் உனக்கும் சிரிப்பு வரும், எனக்கும் வரும். கூரையைப் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. போனில் கேட்டிருக்கலாம்தான். உன் குரலைக் கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவேன். எழுதினால் துணி வெட்டுகிற மாதிரி, அளந்துதான் வெட்ட முடியும்.

நீ போட்ட ஷீட்டுக்கு இது பன்னிரண்டாவது வருஷம். ஸ்குரூ இருக்கிற இடமெல்லாம் துரு வட்டம் போட்டிருக்கிறது. முன் அறையில் மூன்று இடத்தில் ஒழுகுகிறது, சமையலறையில் இரண்டு. தையல் அறையில் அந்தப் பெரிய ஓட்டையை மூட உன் அத்தான் ஆபீஸ் ஆட்கள் வந்து ஒரு தகரத்தை அடித்துவிட்டுப் போனார்களே, அது காற்றடித்தால் படபடவென்று அடித்துக்கொள்கிறது. அந்தச் சத்தம் வந்ததும் என் மகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து லாண்டரிக் கடைக்குப் போய்விடுகிறாள். அவளும் அந்த ஷீட்டும் ஒரே வயது, உனக்கு ஞாபகம் இருக்கும்.

புயல் காலத்துக்கு முன்னால் கூரையை மாற்றியே ஆக வேண்டும். கான்ட்ராக்டர் ஒருவர் வந்து பார்த்தார். சிமென்ட் ஷீட் போடலாம், கலர் ஷீட் போடலாம், ஓடு போடலாம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். "எது ரொம்ப நாள் உழைக்கும்?" என்று கேட்டேன். "எல்லாமே உழைக்கும்மா" என்றார். அப்படி ஒரு பதிலை ஏற்கெனவே ஒரு தரம் நம்பிய வீடு இது.

"இருபது வருஷத்துக்கு நீங்க மேல பாக்கவே வேணாம்" என்று சொன்னவன் நீ. எட்டாவது வருஷம், தையல் அறைக்கு மேலே கண்ணாடி மாதிரி நீ போட்ட அந்த வெளிச்ச ஷீட் உடைந்து, உன் அத்தான் என் தையல் மெஷின் மேல் விழுந்து செத்தார். அதனால் இந்த முறை எனக்குச் சரியான கணக்கு வேண்டும். இந்த வெயிலுக்கும் இந்தக் காற்றுக்கும் எந்தக் கூரை எத்தனை வருஷம் நிற்கும்? கேட்டதற்கு மட்டும் பதில் எழுது.

அக்கா


மார்ச் 16

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. கேட்டதற்கு மட்டும் எழுதுகிறேன்.

நான் இப்போது கூரை வேலை செய்யவில்லை. ஷீட் செய்கிற கம்பெனி ஒன்றின் சோதனைத் திடலில் இருக்கிறேன். கடலை ஒட்டிய பொட்டல். இடுப்பு உயரத்துக்கு இரும்புச் சட்டங்களைச் சாய்த்து நிறுத்தி, எல்லா வகை ஷீட்டிலும் ஒரு துண்டு வெட்டி அதில் கட்டி வைத்திருக்கிறோம். வெயிலும் மழையும் உப்புக்காற்றும் அதுபாட்டுக்கு அடிக்கும். நான் காலையில் ஒவ்வொன்றாகப் பார்த்து, துரு எவ்வளவு, நிறம் எவ்வளவு போயிற்று, விரிசல் உண்டா என்று நோட்டில் எழுதுவேன். சும்மா நின்று பார்ப்பதுதான் வேலை. மொத்தம் நாற்பத்தொரு துண்டு. கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். நான் வருவதற்கு முன்னால் இருந்த நோட்டுகளையும் படித்திருக்கிறேன்.

துத்தநாகப் பூச்சு மட்டும் உள்ள தகரம் கடலோரத்தில் பத்து வருஷம், உள்ளே தள்ளி இருந்தால் பதினைந்து, பதினெட்டு. நம் வீட்டில் நான் போட்டது இந்த வகை. அலுமினியம் கலந்த பூச்சு என்றால் இருபத்தைந்து வரை போகிறது. கலர் ஷீட் என்று கான்ட்ராக்டர் சொல்வது இதன் மேல் பெயின்ட் ஏற்றியதாக இருந்தால் நல்லது. நிறம் எட்டாம் வருஷமே வெளுக்கும், அதைப் பார்த்துப் பயப்படாதே, தகடு நிற்கும். சிமென்ட் ஷீட் முப்பது வருஷம் இருக்கும். ஆனால் வயதாக ஆக நொறுங்கும் குணம் வந்துவிடும், ஒரு கிளை விழுந்தால் போதும். ஓடு நம் எல்லாரையும்விட அதிக நாள் இருக்கும். ஆனால் புயல் அதை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடும், கீழே உள்ள மரச்சட்டமும் அதற்கு முன்பே உளுத்துவிடும். கான்கிரீட்டை நம் சுவர் தாங்காது. ஓலை இரண்டு மழை, மிஞ்சினால் மூன்று.

இதையெல்லாம்விட முக்கியம் ஒன்று. ஷீட் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் நிற்கட்டும், ஸ்குரூவுக்கு அடியில் இருக்கிற ரப்பர் வாஷர் ஏழு வருஷத்தில் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிடும். நம் வீட்டில் ஒழுகுவது அந்த வாஷர்தான். முப்பது வருஷக் கூரை என்று யாராவது சொன்னால், வாஷர் எத்தனை வருஷம் என்று கேள். கான்ட்ராக்டர் தலையைச் சொறிவார். சொறியட்டும்.

கலர் ஷீட் போடு. ஸ்குரூவை ஷீட்டின் மேட்டில் அடிக்கச் சொல், பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் அங்கேதான் ஓடும். ஓரத்திலும் மூலையிலும் இரண்டு மடங்கு ஸ்குரூ போடச் சொல். காற்று அங்கேதான் விரலை விட்டுத் தூக்கும்.

வெளிச்ச ஷீட் வேண்டாம். அந்த வகையில் திடலில் ஆறு துண்டு இருக்கிறது. ஐந்தாறு வருஷத்தில் மஞ்சளாகி, நார் வெளியே வந்துவிடுகிறது. நாற்பத்தொன்றாம் நம்பர் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. அது எந்தக் கம்பெனி என்று நோட்டில் இல்லை, உடைந்த நிலையில்தான் வந்தது. அதை விடு.

பாப்பாவுக்குப் பன்னிரண்டு வயது ஆகிவிட்டது என்பதை இரண்டு தரம் படித்தேன்.

தம்பி


மார்ச் 30

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கான்ட்ராக்டருக்குப் படித்துக் காட்டினேன். வாஷர் என்றதும் நிஜமாகவே தலையைச் சொறிந்தார். "உங்க தம்பியும் இந்தத் தொழில்தானா?" என்றார். "இருந்தான்" என்றேன். கலர் ஷீட் என்று முடிவாகிவிட்டது.

ஆனால் ஒன்று. வெளிச்ச ஷீட் ஐந்தாறு வருஷம்தான் என்று ஏதோ காய்கறி விலை சொல்கிற மாதிரி எழுதியிருக்கிறாய். இந்த வரி பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கே போயிருந்தது? அன்றைக்கும் நீதானே அந்தத் தொழிலில் இருந்தாய்?

பாப்பா கைக்குழந்தை. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த காலம். நான் ஊசியில் நூல் கோக்க வாசலுக்கு ஓடுவதைப் பார்த்துவிட்டு, நீயாகத்தான் அந்த ஷீட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாய். "அக்கா, இனிமே உனக்கு ஆகாசத்துலேர்ந்து நேரா வெளிச்சம்" என்று மேலேயிருந்து கத்தினாய். அன்றைக்குத் தெருவே அண்ணாந்து பார்த்தது. சின்ன வயதிலிருந்து சுவர் மேலும் கூரை மேலும் நடந்து பூனை என்று பெயர் வாங்கியவன் நீ. உன்னை அந்தப் பெயரில் கூப்பிட்டு நான்கு வருஷம் ஆகிறது. எழுதவும் கை வரவில்லை.

அந்தக் காலையை நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. சொல்லவிடாமல் கத்தினேன். இப்போது எழுதுகிறேன். இரவெல்லாம் அடித்த காற்று விடியும்போது நின்றுவிட்டது. எதிர் வீட்டு மரத்தின் கிளை முறிந்து நம் கூரை மேல் கிடந்தது. அவர் லாரி எடைமேடை வேலைக்குக் கிளம்பிச் சட்டைகூடப் போட்டுவிட்டார். "ரெண்டே நிமிஷம், இதத் தள்ளிட்டுப் போயிடறேன்" என்று ஏணியை எடுத்தார். நான் மெஷினில் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் அவர் நடப்பது கேட்டது. "கிளை பெருசும்மா, அருவா எடுத்துட்டு வா" என்றார். எழுந்து சமையலறைக்குப் போனேன். அருவாளைக் கையில் எடுத்தேன். பின்னால் சத்தம் கேட்டது. அந்த அருவாளால்தான் நான் உயிரோடு இருக்கிறேன்.

நீ மத்தியானம் வந்தாய். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசினாயா? பாப்பாவைத் தூக்கினாயா? நேராகத் தையல் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாய். உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கி ஒரு சாக்கு மூட்டையில் கட்டி, பின்பக்கமாகக் கொண்டுபோய் உன் வண்டியில் வைத்தாய். உன் ஷீட் மட்டம் என்று யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று! அத்தனை பேர் அழுதுகொண்டிருந்த வீட்டில் உனக்கு உன் தொழில் பெயர்தான் பெரிதாகப் போயிற்று. அதனால்தான் "இனிமே இந்த வாசப்படி ஏறாத" என்றேன். உடைந்ததைக்கூட மன்னித்திருப்பேன். அந்த மூட்டையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது அந்த அறையில் பகலிலும் டியூப் லைட்தான். கண்ணாடிப் பவர் ஏறிக்கொண்டே போகிறது.

இன்னொன்று எழுத நினைத்தேன். தாள் முடிந்துவிட்டது.

அக்கா


ஏப்ரல் 12

அக்காவுக்கு,

நீ எழுதியதில் ஒரு வரியைக்கூட மறுக்கப் போவதில்லை.

அந்த ஷீட்டின் மேல் கால் வைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லித்தருவது. பெரிய கோடவுன்களில் வேலை செய்யும்போது என் ஆட்களிடம் காலையில் ஒரு தரம், சாப்பிட்டு வந்ததும் ஒரு தரம் சொல்வேன். நம் வீட்டில் சொல்லவில்லை. வீட்டு ஆட்கள் எதற்கு மேலே ஏறப் போகிறார்கள் என்று நினைத்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய்தான்.

ஷீட் போட்ட அன்று அத்தான் ஏணியில் பாதி ஏறி நின்று என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளிச்ச ஷீட்டைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போவதைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, நேரா போனா என்ன? சாமி சுத்துற மாதிரி சுத்துற?" என்று கேட்டார். அவர் கேட்டேவிட்டார், அக்கா. நான் சொல்லியிருக்க வேண்டியது நான்கே வார்த்தை. "நேரா நடந்தா அப்புறம் பூனைக்கு என்ன மரியாதை?" என்றேன். அவர் சிரித்தார். அப்போதுதான் இருபது வருஷம் என்று பெருமை அடித்திருந்தேன். நான் ஆசையாகக் கொண்டுவந்த சாமானில் ஒரு குறை இருக்கிறது என்று அவர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுதான் நடந்தது.

அவருக்கு லாரி எடை போடுகிற வேலை. அந்த மேடையில் தான் ஏறி நின்றுகொண்டு, "பாரு, நான் இருக்கேனான்னே இதுக்குத் தெரியல" என்று முள்ளைக் காட்டிச் சிரிப்பார். லாரி மேடைக்குத் தெரியாத அவர் எடை அந்த ஷீட்டுக்குத் தெரிந்துவிட்டது. இதை நினைக்காமல் ஒரு நாளும் போகவில்லை.

அவரை எடுத்த பிறகு மூன்று மாதம் வேலைக்குப் போய்ப் பார்த்தேன். ஏணியில் நாலாவது படிக்கு மேல் கால் நடுங்குகிறது. கீழே நிற்கிறவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிக்கவில்லை. அதனால்தான் இந்தத் திடல். இங்கே எல்லாக் கூரையும் இடுப்பு உயரத்தில் இருக்கிறது.

மூட்டையைப் பற்றி எழுதியிருந்தாய். நீ நினைத்தது நினைத்தபடியே இருக்கட்டும். அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை.

குற்றம் என்னுடையது. பாப்பா கேட்டால் அப்படியே சொல். மாமா சொல்லாமல் விட்டுவிட்டான் என்று சொல்.

தம்பி


மே 7

தம்பிக்கு,

பாப்பா கேட்டுவிட்டாள். நீ சொன்ன பதிலை என்னால் சொல்ல முடியவில்லை.

போன வாரம் ஒரு சூறைக்காற்று. தையல் அறை மேல் இருந்த அந்தத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போய் லாண்டரிக்காரர் வாசலில் போட்டுவிட்டது. நல்லவேளை யார் மேலும் விழவில்லை. மறுநாள் காலையில் கான்ட்ராக்டர் அளவெடுக்க மேலே ஏறினார். நானும் பாப்பாவும் கீழே, ஓட்டைக்கு நேராக நின்றுகொண்டிருந்தோம். அந்த வட்டத்தில் அவர் முகம் தெரிந்தது.

"இங்க வெளிச்ச ஷீட்டா இருந்துச்சு? ஓரத்துல இன்னும் ஸ்குரூவோட பிசிறு நிக்குதே" என்றார். "ஆமா" என்றேன். "அது மேல வெள்ளை பெயின்ட் அடிச்சிருக்காங்களே! மேலேர்ந்து பாத்தா தகரம் எது, இது எதுன்னு எவனுக்குத் தெரியும்? யாரும்மா இதச் செஞ்சது?"

"தெரியல" என்றேன்.

பாப்பா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெயின்ட் அடித்தபோது அவளுக்கு ஆறு வயது. பெயின்டர் வந்த அன்று அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவளே அவள்தான். கான்ட்ராக்டர் இறங்கிப் போகிற வரை காத்திருந்தாள். பிறகு, "ஏம்மா தெரியலன்னு சொன்ன?" என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து தானே தட்டில் போட்டுச் சாப்பிடுகிறாள், தானே தலை வாரிக்கொள்கிறாள்.

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். ஆறாவது வருஷக் கோடை தாங்க முடியாமல் இருந்தது. சூடு இறங்க வேண்டும் என்று கூரை முழுக்க வெள்ளை அடிக்க ஆள் வைத்தோம். அதற்கு முந்தின மாதம் ஒருத்தருடைய நீலத் துணியை இரண்டு நாள் மெஷின் மேலேயே விட்டுவிட்டேன். உன் ஆகாச வெளிச்சம் விழுந்த இடம் மட்டும் பட்டையாக வெளுத்துப்போய், அவர்கள் வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார்கள். அந்தக் கோபம் எனக்கு. பெயின்டர் கேட்டார், "இது வெளிச்சத்துக்குப் போட்டதாச்சே, இத விட்டுடவா?" என்று. "அதையும் சேத்து அடிச்சிடுங்க" என்றேன். என் வாயால் சொன்னேன். "அறை இருட்டாயிடுமே" என்றார். "ஆகட்டும்" என்றேன்.

நீ அப்போது வெளியூர் கோடவுன் வேலையில் இருந்தாய். வந்தால் மனம் கஷ்டப்படுவாயே என்று உனக்குச் சொல்லவில்லை. அந்த இரண்டு வருஷத்தில் நீ வந்த ஒன்றிரண்டு தடவையும், துணி கிடக்கிறது, ஊசி கிடக்கிறது என்று ஏதாவது சொல்லி அந்த அறைக்குள் உன்னை விடவில்லை. உன் சாமானை மூடிவிட்டேன் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. நாம் இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான், சந்தேகமே இல்லை.

அவர் போன பிறகு இதை நினைக்காமல் இருக்க ஒரு வழிதான் இருந்தது. உன்னை நினைப்பது. இருபது வருஷம் என்று சொன்னான், மூட்டை கட்டிக்கொண்டு ஓடினான் என்று ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லிக்கொண்டேன். எதையும் மறைத்துப் பழக்கமில்லை என்று முதல் கடிதத்தில் எழுதினேனே, அந்த வரியை எழுதும்போது என் கை ஒரு நொடிகூட நிற்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கே பயமாக இருக்கிறது.

இப்போது ஒன்று கேட்கிறேன். கூரையைப் பற்றி நான் கேட்கிற கடைசிக் கேள்வி இதுதான். அந்த வெள்ளை இல்லாமல் இருந்திருந்தால் அவர் அங்கே கால் வைத்திருப்பாரா? எதையும் கண்ணால் பார்த்து எழுதுகிறவன் நீ. எனக்காகப் பொய் சொல்லாதே.

அக்கா


ஜூன் 10

தம்பிக்கு,

பதில் இல்லை. ஒரு மாதம் தபால்காரரை எதிர்பார்த்து நின்றேன், அவர் இப்போது என்னைப் பார்த்தாலே சைக்கிளை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். திட்டியாவது எழுது. இந்த மாதக் கடைசியில் பழைய ஷீட்டைக் கழற்றுகிறார்கள்.

அக்கா


ஜூன் 14

அக்காவுக்கு,

நாலு தரம் எழுதிக் கிழித்தேன். நீ பொய் சொல்லாதே என்று எழுதாமல் இருந்திருந்தால் முதல் தாளையே தபாலில் போட்டிருப்பேன்.

கால் வைத்திருக்க மாட்டார்.

கண்ணாடி மாதிரித் தெரிகிற இடத்தில் எவனும் தெரிந்து மிதிக்க மாட்டான். வெளியே மஞ்சளாகிப்போயிருந்தாலும் தகரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரிந்திருக்கும், சுற்றிப் போயிருப்பார். ஏன் சுற்றுகிறாய் என்று என்னைக் கேட்டவருக்கு நான் பதில் சொல்லியிருந்தாலும், வெள்ளை இருந்தால்கூட, தையல் அறை எந்த இடத்தில் வருகிறது என்று கீழே உன்னிடம் கேட்டுக்கொண்டு காலை எடுத்து வைத்திருப்பார். ஒன்று உன் கையில் இருந்தது, ஒன்று என் வாயில் இருந்தது. எதைக் கழித்தாலும் அவர் இருந்திருப்பார். நான் ஒரு மாதமாக இதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். வேறு விடை வரவில்லை.

ஆனால் உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன் என்று எழுதினாயே, அது மட்டும் தப்பு. எனக்கு அன்றைக்கே தெரியும்.

அன்று மத்தியானம் நான் தெருவில் நுழையும்போதே யாரோ ஷீட் உடைந்து விழுந்தார் என்று சொல்லிவிட்டார்கள். என் ஷீட் என்று தெரிந்துவிட்டது. உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் நேராக அந்த அறைக்குப் போனேன். தரையெல்லாம் துண்டுகள். ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பினேன். வெள்ளை. இன்னொன்றைத் திருப்பினேன். அதுவும் வெள்ளை. பிரஷ் போன தடம்கூடத் தெரிந்தது. யார் அடிக்கச் சொல்லியிருப்பார்கள் என்று யோசிக்க எனக்கு நேரம் பிடிக்கவில்லை. என்னை ஏன் அந்த அறைக்குள் விடவில்லை என்பதும் அந்த நிமிஷம்தான் புரிந்தது. முன் அறையில் அத்தானுடைய ஆபீஸ்காரர்கள், தெருக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தர் உள்ளே வந்து அதைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும், கான்ட்ராக்டர் கேட்ட கேள்வியை அன்றைக்கே, அவர் கிடக்கும்போதே, உன்னைக் கேட்டிருப்பார்கள். அதனால்தான் கதவைச் சாத்தினேன். அதனால்தான் மூட்டை.

நீ என்னைத் திட்டியபோது எனக்கு ஒரு மாதிரி நிம்மதியாக இருந்தது. என்னைத் திட்டுகிற வரை உன்னை நீ திட்டிக்கொள்ள மாட்டாய் என்று நினைத்தேன். அது தப்பாகப் போய்விட்டது போலிருக்கிறது. மேலே பிசிறு நிற்கும் என்பதை மறந்துவிட்டேன். இத்தனை வருஷத் தொழில்காரன், ஸ்குரூவோடு துண்டு ஒட்டிக்கொண்டு நிற்கும் என்பது தெரியாதா? ஏறிப் பார்த்திருக்க வேண்டும். கால் வரவில்லை.

நாற்பத்தொன்றாம் நம்பர் அந்தத் துண்டுகளில் ஒன்றுதான். எங்கிருந்து வந்தது என்று இன்ஜினியர் கேட்டார், தெரியாது என்றேன். அதை இரண்டாக வெட்டி, ஒன்றில் வெள்ளையைச் சுரண்டிவிட்டு, ஒன்றை அப்படியே விட்டு, பக்கத்தில் பக்கத்தில் கட்டியிருக்கிறேன். சுரண்டிய துண்டு இரண்டாம் வருஷமே விரலால் அழுத்தினால் உடைந்தது. வெள்ளை உள்ள துண்டு இன்றுவரை முழுதாக இருக்கிறது. வெயிலை அது தடுத்துவிடுகிறது. உன் வெள்ளை அந்த ஷீட்டைக் கெடுக்கவில்லை, அக்கா. இதை எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்குமா என்று தெரியவில்லை. ஆனால் புத்தம் புது ஷீட்டுக்கும் ஒரு ஆளைத் தாங்கும் பலம் கிடையாது. இது இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், ஒன்றை மட்டும் எழுதினால் அது பொய்.

பாப்பாவிடம் மறைக்காதே. நம் இரண்டு பேரைப் பற்றியும் சொல்.

தம்பி


ஜூன் 25

பூனைக்கு,

அன்றைக்கு நீ கதவைச் சாத்திய சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நான்கு வருஷம் அதைக் கேட்டுக் கேட்டு உன்னைச் சபித்தேன். நேற்றிலிருந்து அதே சத்தம் வேறு மாதிரிக் கேட்கிறது. நான் அழுததை எழுதி என்ன ஆகப் போகிறது? எழுதவில்லை.

கால் வைத்திருக்க மாட்டார் என்பது எனக்கும் தெரியும். நீ மாற்றி எழுதியிருந்தால் உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். இனி இதை நானும் சுமக்க வேண்டும், நீயும் சுமக்க வேண்டும். தனித்தனியாகச் சுமந்து பார்த்தாயிற்று.

உன் கடிதங்களில் இருந்ததையும் என் கடிதத்தில் இருந்ததையும் பாப்பாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். "அப்பாவுக்கு யாருமே சொல்லலையா?" என்றாள். இல்லை என்றேன். வெகுநேரம் அழுதாள். இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. இன்று காலை சீப்பைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள். இப்போதைக்கு அவ்வளவுதான்.

பழைய ஷீட்டைக் கழற்றிவிட்டார்கள். இதை எழுதும்போது தையல் அறைக்கு மேல் ஒன்றுமே இல்லை. பன்னிரண்டு வருஷ அழுக்கு சுவரில் எங்கே எங்கே இறங்கியிருக்கிறது என்று எல்லாம் தெரிகிறது. மெஷினைத் துணி போட்டு மூடி நடுவில் வைத்திருக்கிறேன். புது ஷீட் அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறது. வாஷர் டப்பாவை நானே திறந்து பார்த்துத்தான் எடுப்பேன் என்று கான்ட்ராக்டரிடம் சொல்லியிருக்கிறேன்.

மெஷினுக்கு மேல் வெளிச்ச ஷீட் போடச் சொல்லிவிட்டேன். நீ வேண்டாம் என்று எழுதியது ஞாபகம் இருக்கிறது. எனக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது, எனக்கு வெளிச்சம் வேண்டும். அடியில் கம்பி வலை கட்டச் சொல்லியிருக்கிறேன். கால் வைக்கக் கூடாது என்று அதன் மேல் பெரிதாக எழுத வேண்டும், ஆறாவது வருஷம் கழற்றி மாற்ற வேண்டும். அதைக் கவனிக்க ஆள் வேண்டும்.

ஏணியில் ஏற வேண்டாம். ஷீட் தரையில் கிடக்கும்போதே எழுதிவிடு. மற்றதை வாசலில் நின்றுகொண்டு சத்தம் போட்டுச் சொல், அவர்கள் செய்வார்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடு. நாற்பத்தொன்றையும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு வா, இரண்டு துண்டையும். அது நம் வீட்டுச் சாமான்.

அக்கா